தகவலாளி எண் 14

2024 ஜூன் 1. ஒரு வாசகரின் கேள்வி

நான் நாகர்கோவிலில் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் மலைப் பழங்குடியினரான காணிக்காரர்களின் மூலிகை அறிவைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். பேச்சிப்பாறைக்கு மேலே இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து அறுபது செடி, எழுபது செடி என்று பட்டியல் போடுகிறார்கள். காணிக்காரர்கள் நன்றியுரையில் ஒரு வரியாக வந்து போகிறார்கள். அவர்களிலிருந்து ஒருவர் இதே துறைக்கு ஆய்வாளராக வந்ததுண்டா? வந்திருந்தால் துறை அவரை எப்படி நடத்தியது? அவர்கள் படிக்க வருவதில்லை என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஜூன் 2, இரவு 9.40

வந்ததுண்டு. நான் காணிக்காரப் பெண். இனத் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நான் பிறந்தது பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில். பள்ளிக்கூடம் போக முதலில் படகு, பிறகு நடை, பிறகு குலசேகரம் பஸ். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது இரண்டு மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். என் தாய்மாமா அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போனார். மாமா பிலாத்தி, அதாவது எங்கள் குடியின் வைத்தியர், அல்ல, ஆனால் பிலாத்தியோடு நடந்து பழகியவர். நானும் பின்னாலேயே போனேன். மழைக்காலம், கால் முழுக்க அட்டை. ஓடைக் கரையில் ஒரு சின்னச் செடியைக் காட்டி அதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அந்தச் செடியை எங்கள் வீட்டில் யாரும் வெளியாரிடம் பேசமாட்டார்கள். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரறியாப்பச்சை" என்றார். பெயர் தெரியாத பச்சிலை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். "எதற்கு உதவும்?" என்றார்கள். "வயிற்றுவலிக்கு" என்றார். எழுதிக்கொண்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமா கண்ணால் அதட்டினார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடு ஒன்றைப் புரட்டியபோது அந்த வரி என் முன்னால் வந்து நின்றது. வட்டாரப் பெயர்: பேரறியாப்பச்சை. பயன்: வயிற்றுவலி. அதைப் பார்த்து எழுதிய கட்டுரைகள் நான்கு. நான்கிலும் அதே பெயர், அதே வயிற்றுவலி.

என் ஆய்வேட்டில் இது பெயரே அல்ல என்று எழுதினேன். மதிப்பீட்டாளர் ஒருவர் ஓரத்தில் குறித்து அனுப்பினார்: "முன்னர் வெளியான பதிவுகளுக்கு முரணாக உள்ளது. மேற்கோள் தேவை."

துறை எங்களை எப்படி நடத்துகிறது என்று கேட்டீர்கள். காட்டுக்குள் நின்று எங்கள் மாமா சொன்ன ஒரு சொல் அப்படியே ஏட்டில் ஏறிவிடுகிறது. அதே ஊர்ப் பெண் படித்துப் பட்டம் வாங்கி வந்து அந்தச் சொல்லைத் திருத்தினால் சான்று கேட்கிறது. நான் சான்றாகக் காட்ட வேண்டியதும் அந்த மாமாவைத்தான்.

ஜூன் 3, காலை 7.05

திருத்தம். கட்டுரைகள் நான்கு அல்ல, மூன்று. நான்காவது என்று நான் நினைத்தது அந்த மூன்றில் ஒன்றின் சுருக்கம். இரவு நினைவிலிருந்து எழுதிவிட்டேன். காலையில் கோப்பை எடுத்துப் பார்த்தேன்.

ஜூன் 3, இரவு

"நீங்கள் உங்கள் சொந்த மக்களையே ஆராய்ந்தால் நடுநிலை எப்படி வரும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாய்மொழித் தேர்விலும் எனக்கு முதல் கேள்வி இதுதான். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

என்னோடு படித்த ஒருவர் தன் சொந்த ஊரின் வயல் களைகளைப் பற்றி ஆய்வு செய்தார். அவருக்கு அந்த ஊரில் நிலம் இருந்தது. அவரிடம் யாரும் நடுநிலை பற்றிக் கேட்கவில்லை. களத்தோடு நல்ல பழக்கம் உள்ளவர் என்று பாராட்டினார்கள். அவருடைய நெருக்கம் தகுதியானது. என்னுடைய நெருக்கம் குறையானது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல ஆய்வு அது. நெருக்கம் குறையென்றால் எல்லோருக்கும் குறையாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் எல்லா டெலோரியா என்று ஓர் அம்மையார் இருந்தார். யாங்க்டன் டகோட்டா இனத்தவர், 1889-இல் பிறந்தவர். மானிடவியலின் பெரும் ஆசான் ஃபிரான்ஸ் போவாஸுக்காகப் பல்லாண்டுகள் தன் மக்களின் மொழியையும் கதைகளையும் திரட்டிக் கொடுத்தார். டகோட்டா இலக்கணம் 1941-இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. ஆனாலும் அவருக்கு முனைவர் பட்டம் இல்லை, நிலையான பணியும் இல்லை, கடைசிவரை பணத் தட்டுப்பாடு. என் உறவினரிடம் வெறுங்கையோடு போய் உட்கார்ந்து கூலி பேசிக் கேள்வி கேட்க என்னால் முடியாது, உறவுக்காரியாகத்தான் போக முடியும் என்று அவர் போவாஸுக்கு விளக்கி எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. களப்பணிச் செலவுப் பட்டியலில் "தகவலாளிக்குக் கொடுத்த தொகை" என்று ஒரு வரி உண்டு. நான் கொண்டு போனது வெற்றிலை, பாக்கு, புகையிலை, மாமிக்கு ஒரு சேலை. எந்த வரியில் எழுதுவது? ரசீது கேட்டார்கள். சேலைக்கு ரசீது இருந்தது. அதைச் செலவில் சேர்க்க முடியாது என்றார்கள்.

ஜூன் 4

"இடஒதுக்கீட்டில் வந்தவர்தானே" என்று ஒருவர் ஒற்றை வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆம், அதில்தான் வந்தேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் நாங்கள் 1.1 விழுக்காடு, ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். குமரி மாவட்டத்தில் நூறு பேருக்கு அரை ஆள்கூட வரமாட்டோம். எட்டுப் பேர் பணி செய்யும் ஒரு துறையில் நூறில் ஒன்றாக வரும் அந்த இடம் எப்போது வந்து சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு நடுவணரசு நாடு முழுவதற்குமாகப் பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 750 உதவித்தொகைகள் தருகிறது. அதில் ஒன்று எனக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இப்போது ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருப்பேன். என்னைவிட நன்றாகப் படித்த என் தங்கை இன்று அதைத்தான் செய்கிறாள்.

சான்றிதழ் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரசின் பழங்குடிப் பட்டியலில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் இடமும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது: கன்னியாகுமரி மாவட்டம், நெல்லைப் பக்கத்து மலையடித் தாலுகாக்கள். வேறொரு மாவட்டத்து அலுவலகத்தில் என் சான்றைப் புரட்டிய எழுத்தர், "இப்படி ஒரு சாதியே கேள்விப்பட்டதில்லையே" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "பார்த்தால் மலைவாசி மாதிரித் தெரியவில்லை" என்றார். அவர் மனதில் இருந்த மலைவாசி எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் தொகுத்து வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், மூக்கின் அகலத்தைக் கருவி வைத்து அளந்தவர். காணிக்காரரும் அந்தத் தொகுதிகளில் உண்டு. எழுத்தர் தர்ஸ்டனைப் படித்திருக்க மாட்டார். படிக்காமலே அளந்தார்.

ஜூன் 4, இன்னொன்று

மேலே எழுதியதில் தங்கையைப் பற்றிச் சொன்னதை அவளிடம் படித்துக் காட்டினேன். "பால்வெட்டை ஏதோ விழுந்து கிடப்பது மாதிரி எழுதியிருக்கிறாய்" என்றாள். அவள் சொல்வது சரி. விடியுமுன் எழுந்து முந்நூறு மரம் வெட்டுகிறவள். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 7, மாலை

மூன்று நாளாக மழை. மின்சாரம் இல்லை. அக்கரைக்குப் படகு ஓடவில்லை என்று தகவல் வந்தது.

மொழியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். குமரி மாவட்டத்தார் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. மதுரைக்கு வடக்கே போனால் "மலையாளமா?" என்பார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கினால் "பாண்டி" என்பார்கள். மரச்சீனி என்றால் ஒருவருக்குப் புரியாது, மரவள்ளி என்றால் எனக்கு ஒட்டாது. எங்களுக்கு அதற்குள்ளே இன்னொரு அடுக்கு. வீட்டில் பேசுவது மலம்பாஷை. தமிழும் மலையாளமும் கலந்தது என்று வெளியார் எழுதுவார்கள். எங்களுக்கு அது கலந்ததாகத் தோன்றுவதில்லை, அம்மை பேசிய பேச்சு அது. பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம், செடிகளுக்கு இலத்தீன். கருத்தரங்கில் முதல் முறை பேச எழுந்தபோது நாலும் தொண்டையில் முட்டிக்கொண்டன.

1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அது பெரிய போராட்டத்தின் வெற்றி, எங்கள் ஆசிரியர்கள் கண் கலங்கச் சொல்வார்கள். நானும் அந்த நாளைக் கொண்டாடுகிறவள்தான். ஆனால் மலையில் அந்தக் கோடு அகத்தியமலைச் சரிவின் குறுக்கே விழுந்தது. என் பாட்டாவின் அக்காள் அந்தப் பக்கம், பாட்டா இந்தப் பக்கம். ஒரே காட்டுச் செடிக்கு இன்று இரண்டு மாநிலத்து ஆய்வாளர்கள் இரண்டு பட்டியல் போடுகிறார்கள். அங்கே மலையாள எழுத்தில் ஒரு பெயர், இங்கே தமிழ் எழுத்தில் ஒரு பெயர். சொன்னவர்கள் அக்காளும் தம்பியும்.

ஜூன் 8

ஆரோக்கியப்பச்சையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். "உங்கள் மக்களுக்குத்தான் உலகமே பாராட்டிய ஒப்பந்தம் கிடைத்ததே, பிறகென்ன குறை?" என்பது கேள்வி. பொறுமையாக எழுதுகிறேன், இது சட்டென்று பதில் சொல்லிவிடக் கூடியது அல்ல.

1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டுக்குள் ஓர் ஆய்வுக் குழு போனது. தலைமை தாங்கியவர் அறிவியலாளர் புஷ்பாங்கதன். வழிகாட்டிகள் காணிக்காரர்கள். ஏறி ஏறிக் குழுவினர் களைத்துப்போனார்கள், வழிகாட்டிகளுக்கு அந்தக் களைப்பு இல்லை. அவர்கள் வழியில் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். கேட்டதும் முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை, இலத்தீனில் டிரைகோபஸ் செய்லானிகஸ். கேரளத்துப் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைச் சோதித்து, ஜீவனி என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் கொடுத்தார்கள்: 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. 1997-இல் அறக்கட்டளை பதிவாயிற்று, 1999-இல் சுமார் 5 லட்சம் ரூபாய் கைமாறியது. 2002-இல் ஐ.நா. பரிசு. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல்தான் வந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே பங்கு கொடுக்க வேண்டும் என்று ஓர் அறிவியலாளர் நின்றார். அதை நான் எந்த மேடையிலும் மதிப்போடு சொல்வேன். வழிகாட்டிகளான குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி என்ற பெயர்கள் உலகுக்குத் தெரிந்ததும் அதனால்தான்.

இனி என் மனக்குறை. 1995-இல் ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று. வழிகாட்டிகள் சொன்னது சமூகம் முழுவதும் சம்மதித்துச் சொன்னது ஆகுமா? பிலாத்தியிடம் கேட்க வேண்டியதை வழிகாட்டியிடம் கேட்டால் போதுமா? இது எங்களுக்குள்ளேயே தீராத கேள்வி. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சரிவில் அதே காயைத் தின்று நடந்த எங்கள் பாட்டாக்கள் அதில் இல்லை.

துறையைப் பற்றித்தானே பேச்சு, அதற்கு வருகிறேன். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இந்த ஒப்பந்தத்தைப் பாடமாக வைத்தார்கள். எனக்கும் முதுகலையில் அது பாடம். வகுப்பில் காணிக்காரரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு காணிக்காரப் பெண் உட்கார்ந்திருப்பது ஆசிரியருக்குத் தெரியாது. தெரியப்படுத்த எனக்கு அன்று துணிவு இல்லை. அன்று கையைத் தூக்கியிருக்கலாமே என்று இன்றும் இரவில் விழித்துக்கொள்கிறேன்.

ஜூன் 9

கருத்தொற்றுமைக் குறியீட்டைப் பற்றிக் கேட்ட மாணவருக்கு, சுருக்கமாக. ஒரு நோய்க்கு எத்தனை பேர் ஒரே செடியைச் சொல்கிறார்கள் என்று பார்க்கும் கணக்கு அது. 1986-இல் டிராட்டர், லோகன் இருவரும் கொண்டுவந்தார்கள். பலரும் ஒன்றையே சொன்னால் எண் 1-ஐ நெருங்கும், ஆளுக்கொன்று சொன்னால் 0 பக்கம் போகும். பயனுள்ள கணக்குதான். ஆனால் ஆடாதோடை இருமலுக்கு என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், எண் உயரும். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி, சாற்று என்ற நோய் தீர்க்கும் பாட்டைப் பாடி இரவெல்லாம் நோயாளியோடு இருக்கும் பிலாத்தி ஒருவருக்கு மட்டுமே தெரிந்தது எதுவோ, அது கணக்கில் கீழே போய்விடும். அறிவைப் பகிர்ந்து வைத்திருக்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. எங்கள் ஊரில் ஆழமானது ஒருவரிடம் இருக்கும். இதை நான் கட்டுரையாக எழுதினேன். "சுவையான கருத்து, ஆனால் ஆசிரியர் தன் சமூகத்துக்காக வாதாடுகிறார்" என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை அனுப்பும்போது நான் யார் என்பதைக் காட்டும் பத்தியை எடுத்துவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். எடுத்தது சரிதானா என்று இன்றும் எனக்கு முடிவில்லை.

ஜூன் 10

ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸை நினைவூட்டிய பெரியவருக்கு வணக்கம். "அந்தப் பழைய நூலிலேயே செடி சொன்னவர்களின் பெயர் இருக்கிறதே, இன்று ஏன் இல்லை?" என்று நீங்கள் கேட்டது என்னை நேற்று முழுவதும் தூங்கவிடவில்லை.

டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகள், 700-க்கும் மேற்பட்ட செடிகள். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் 1675-இல் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சான்று, கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்திலேயே, அந்த நூலில் அச்சானது. கொங்கணி வைத்தியர் மூவரின் சான்றும் உண்டு. 350 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு படைத்தலைவர் தனக்குச் செடி சொன்னவரின் பெயரை, ஊரை, எழுத்தை அச்சேற்றினார். நாங்கள் இன்று "தகவலாளி எண்" என்று எழுதுகிறோம். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் இதில் எனக்கு ஓர் உறுத்தல். வைத்தியர்கள் பட்டியல் சொன்னார்கள். காட்டுக்குள் போய்ச் செடியையும் பூவையும் காயையும் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் அந்த நூலில் "ஆட்கள்"தான். பெயர் ஏறும் ஏணியில் எங்கள் படி அன்றும் ஏட்டுக்கு வெளியே இருந்தது.

ஜூன் 10, இரவு

இந்தத் துறையில் பெண்களைப் பற்றி ஒருவர் கேட்டார். தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றி எல்லோரும் படியுங்கள். தலைச்சேரிக்காரர், தீயர் குடும்பம், 1931-இல் மிச்சிகனில் முனைவர். கரும்பை ஆராய்ந்தவர், பிற்காலத்தில் பழங்குடி மக்களின் செடி அறிவில் அக்கறை கொண்டார். 1955-இல் பிரின்ஸ்டனில் நடந்த பெரிய கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். சாதியும் பெண் என்பதும் சேர்ந்து ஒரு அறிவியலாளரை எப்படி ஊர் ஊராக நகர்த்தும் என்பதற்கு அவர் வாழ்க்கை போதும். ராம் தயாள் முண்டாவையும் தேடிப் படியுங்கள். முண்டா இனத்தவர், சிகாகோவில் படித்து, மின்னசோட்டாவில் கற்பித்து, ராஞ்சிக்குத் திரும்பிப் பழங்குடி மொழிகளுக்கென்று ஒரு துறையைக் கட்டினார், துணைவேந்தரும் ஆனார். என் மேசைக்கு எதிரே அவர் படம் ஒட்டியிருக்கிறேன். திரும்பி வந்தவர் என்பதற்காக.

ஜூன் 16

ஒரு வாரமாக எழுதவில்லை. படகு ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போயிருந்தேன். போவதற்கு முன் என் ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். பட்டம் வாங்கிய பிறகு அதன் பின்னிணைப்பை நான் திறந்ததே இல்லை.

52 தகவலாளிகள். வரிசை எண், பால், வயது, கல்வி, சொன்ன செடிகளின் எண்ணிக்கை, அறிவு நிலை. எண் 14: பெண், 71, எழுத்தறிவு இல்லை, செடிகள் 19, அறிவு நிலை: நடுத்தரம்.

எண் 14 என் பாட்டி.

பாட்டி பத்தொன்பதுதான் சொன்னார். எனக்கு வேண்டியது அவருக்குத் தெரியாமலா? நான் ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்து, படிவத்தைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, "அடுத்து?" "அடுத்து?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டு, "போதும், கஞ்சி ஆறுகிறது" என்று எழுந்துவிட்டார். முப்பதுக்கு மேல் சொன்னவர்களுக்கு "உயர்" என்று போட வேண்டும் என்பது நான் வகுத்த அளவுகோல். எனக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுக்குள் போய் வந்தவருக்கு நான் நடுத்தரம் போட்டேன்.

எண் போட்டது தவறான நோக்கத்தில் அல்ல. நெறிமுறைக் குழு சொன்னது: பெயர் வெளியே தெரிந்தால் அவர்களுக்குத் தொல்லை வரலாம், அதனால் மறைக்க வேண்டும். அதில் உண்மை உண்டு. 2008-இல் எங்கள் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. செடி பறித்ததைப் பெயரோடு எழுதினால் யாரோ ஒருவர் வந்து கேட்கக்கூடும். எல்லாம் சரி. ஆனால் நான் பாட்டியிடம் கேட்கவே இல்லை: "உன் பெயரைப் போடட்டுமா, வேண்டாமா?" இத்தனை நாள் இங்கே மற்றவர்கள் எங்கள் பெயரை எழுதவில்லை என்று கோபமாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தை நான் திரும்பப் பெறவில்லை. என்னையும் அதில் சேர்க்கிறேன்.

பாட்டி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாமாவிடம் பின்னிணைப்பைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கிழவிக்கு நீ மார்க் போட்டாயா?" என்றார். கோபம் இல்லை குரலில். அது இன்னும் கனமாக இருந்தது.

அன்று இரவு முழுவதும் பேசினோம். எந்தச் செடிக்குத் தன் பெயரைப் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று அவரே பிரித்தார். சிலவற்றைத் தான் சொன்னதாக எழுதச் சொன்னார். சிலவற்றை ஊரின் பெயரால் எழுதச் சொன்னார், அவை ஒருவருக்குச் சொந்தம் அல்ல என்றார். ஏழு செடிகளை எழுதவே வேண்டாம் என்றார். அந்த ஏழில் ஒன்று ஏற்கெனவே என் ஆய்வேட்டில் அச்சாகிவிட்டது. எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தார்.

பெயர் போடு அல்லது போடாதே என்று இங்கே பத்து நாளாக வாதாடினோம். மாமா செடிக்குச் செடி பதில் சொன்னார்.

ஜூன் 17

முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு. உங்கள் செய்தியைப் பார்த்தேன், அடுத்த மாதம் களப்பணிக்குப் போகிறீர்கள் என்று. போங்கள். தடுக்கமாட்டேன். முதலில் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியைப் பாருங்கள், பிறகு பிலாத்தியிடம் அனுமதி கேளுங்கள். இரண்டு நாளில் திரும்பாதீர்கள். முதல் நாள் நோட்டை வெளியே எடுக்காதீர்கள். யாராவது ஒரு செடிக்குச் சட்டென்று வயிற்றுவலி என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்று பொருள். எழுதி முடித்ததும் திரும்பப் போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். தமிழில் படியுங்கள். உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

உங்கள் நெறியாளர் ஒப்புக்கொண்டால் எழுதுங்கள், நானும் வருகிறேன். படகுக்காரரைத் தெரியும்.

ஜூன் 21

உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. உலர்த்தி ஒட்டிய செடியின் தாளில் வலது கீழ் மூலையில் சீட்டு இருக்கும்: பெயர், குடும்பம், இடம், தேதி, சேகரித்தவர். அதில் பிழை இருந்தால் பழைய சீட்டை யாரும் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது. பக்கத்தில் இன்னொரு சின்னச் சீட்டில் திருத்தத்தை எழுதி, தேதியும் திருத்தியவர் பெயரும் போட்டு ஒட்ட வேண்டும். நூறு ஆண்டுப் பழைய தாள்களில் நான்கைந்து சீட்டுகள் வரிசையாக இருக்கும்.

நேற்று அனுமதி வாங்கி, அந்தப் பழைய ஆய்வேட்டின் செடித் தாள்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன். ஓடைக் கரைச் செடி அங்கே இருந்தது. பழுப்பேறி, இலை சுருங்கி. சேகரித்தவர்: அந்த இரண்டு மாணவர்களில் ஒருவர். வட்டாரப் பெயர்: பேரறியாப்பச்சை.

மாமாவிடம் முன்பே கேட்டிருந்தேன். உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்றார்; அது அந்த ஏழில் ஒன்று. ஆகவே சீட்டில் இப்படி எழுதினேன்: "பேரறியாப்பச்சை என்பது வட்டாரப் பெயர் அன்று. பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்பதற்குக் கொடுத்த விடை. வயிற்றுவலிக்குப் பயன் என்ற குறிப்பும் செல்லாது." அதன் கீழே "சொன்னவர்" என்று ஒரு வரி சேர்த்தேன், அச்சடித்த சீட்டில் அப்படி ஒரு வரி இல்லை. மாமாவின் பெயரை முழுதாக, அவர் கேட்டுக்கொண்டபடி "காணி" என்று முடித்து எழுதி, பசை தடவி, பழைய சீட்டுக்கு இடப்பக்கம் ஒட்டினேன். பாட்டியின் தாள்கள் என் கல்லூரியில் இருக்கின்றன, பத்தொன்பது. திங்கட்கிழமை அவற்றைத் தொடங்குகிறேன்.